எவ்வளவு தெரிந்தால் போதும்?

1

மென்பொருள் வேலைக்கான விளம்பரம் ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரும். ஜாவா தெரிந்திருக்க வேண்டும், ரியாக்ட் தெரிந்திருக்க வேண்டும், டாக்கர், குபர்னெட்டீஸ், ஏதாவது ஒரு கிளவுட், இரண்டு வகை டேட்டாபேஸ், கூடவே காஃப்கா. இந்தக் காஃப்கா பிராக் நகரத்து எழுத்தாளர் இல்லை. அவர் பெயரைச் சூட்டிக்கொண்டு, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஓயாமல் செய்தி கடத்துகிற மென்பொருள். இலக்கியமும் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு இரண்டு காஃப்காவும் முழுசாகப் புரிந்ததில்லை. விளம்பரத்தின் கடைசி வரியில் ‘புதியதை வேகமாகக் கற்கும் ஆர்வம்’ என்று இருக்கும். அதாவது மேலே சொன்னதெல்லாம் இன்றைக்கு. நாளைக்கு வரப்போவதும் சேர்த்து வேண்டும்.

பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் ஆங்குலர்ஜேஎஸ் கற்றுக்கொள் என்றார்கள். விழுந்து விழுந்து படித்தோம். 2016-இல் கிட்டத்தட்ட அதே பெயரில் புது ஆங்குலர் வந்தது. பெயர்தான் பழசு, உள்ளே எல்லாம் வேறு. பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றுபோனது. எங்களுக்கு முந்தைய செட்டில் ஃப்ளாஷில் பெயர் வாங்கியவர்கள் இருந்தார்கள். 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷின் கதையும் முடிந்தது. ஒரு தச்சரிடம் போய் ‘இனிமேல் உளி செல்லாது’ என்று யாரும் சொல்வதில்லை. எங்களிடம் ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் ‘பிறகு படிக்க’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. நூற்றுக்கணக்கான சுட்டிகள், பாதியில் நிற்கும் வீடியோ வகுப்புகள், தள்ளுபடியில் வாங்கிய பிடிஎஃப் புத்தகங்கள். என்னிடமும் இருக்கிறது. அதைத் திறக்கும்போது வருகிற உணர்ச்சியைக் கொஞ்சம் உற்றுக் கவனித்தேன். ஆர்வம் என்று சொல்ல முடியாது, சோம்பல் என்றும் சொல்ல முடியாது. மளிகைக் கடை அண்ணாச்சியிடம் பாக்கி வைத்துவிட்டு அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறவனுடைய உணர்ச்சி அது. கடன்பட்டவனின் கூச்சம்.

இங்கேதான் எனக்குக் கேள்வி வருகிறது. பல் மருத்துவருக்கு இதய அறுவைச் சிகிச்சை தெரியாது. அதற்காக அவர் ராத்திரி தூக்கத்தைத் தொலைப்பதில்லை. எனக்குக் குபர்னெட்டீஸின் உள்வேலை தெரியாது என்பது மட்டும் ஏன் ஒழுக்கக் குறை மாதிரி உறுத்துகிறது? தெரியாமை ஒரு நிலைமை. அது எந்த இடத்தில் குற்றமாகிறது? எவ்வளவு தெரிந்தால் ஒருவன் தன் வேலையை நேர்மையாகச் செய்கிறான் என்று சொல்லலாம்?

2

முதலில் வழக்கமான ஆறுதலைப் பார்த்துவிடுவோம். ‘யாருக்குமே முழுசாத் தெரியாது பாஸ்’ என்பதுதான் அது. இது வெறும் தேற்றுமொழி இல்லை, கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

லினக்ஸின் முதல் வடிவம் 1991 செப்டம்பரில் வெளிவந்தபோது சுமார் 10,000 வரிகள். ஒரு பெரிய நாவலைப் படிக்கிற நேரத்தில் வரிவரியாகப் படித்துவிடலாம். இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதனோடு கூடவே ஒரு கோப்பு வருகிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பெயர் பெயராக நீளும் பட்டியல். உலகத்தின் பெரும்பாலான சர்வர்களையும், உங்கள் ஆண்ட்ராய்டு போனையும் ஓட்டுகிற ஒரு பொருளை முழுசாக அறிந்த ஒரு தலை பூமியில் இல்லை என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

2016 மார்ச்சில் நடந்த கூத்து இன்னும் சின்னது. ‘லெஃப்ட்-பேட்’ என்று ஒரு நிரல். ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வேண்டிய அளவு வெற்றிடமோ பூஜ்யமோ சேர்க்கும். மொத்தம் 11 வரி. அதை எழுதியவர் ஒரு தகராறில் கோபித்துக்கொண்டு பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த சில மணி நேரத்துக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான திட்டங்களின் பில்ட் உடைந்தது. உடைந்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு நிரலைத் தாங்கள் பயன்படுத்துகிறோம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்கள் கேட்டது ஒரு லைப்ரரி. அந்த லைப்ரரி கேட்டது இன்னொன்றை. அது கேட்டது இந்த 11 வரியை.

கணினிக்கு முன்பே இதைக் கவனித்தவர்கள் உண்டு. அமெரிக்கரான லெனார்ட் ரீட் 1958-இல் ஒரு பென்சில் தன் கதையைச் சொல்வதாக ஒரு கட்டுரை எழுதினார். மரம் வெட்டுகிறவர், கிராஃபைட் தோண்டுகிறவர், வண்ணம் பூசுகிறவர் என்று எத்தனையோ பேர். ஒருவருக்கும் முழுப் பென்சில் செய்யத் தெரியாது. ரீட் அதைத் தடையற்ற சந்தையின் பெருமைக்காகச் சொன்னார். அந்த முடிவோடு நான் போகவில்லை. ஆனால் அவர் கண்ட உண்மை உண்மைதான். நவீன உலகத்தில் எந்தப் பொருளைத் தொட்டாலும் நம் அறிவைவிட நம்முடைய நம்பிக்கையே அதில் அதிகம் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் கவலையை விட்டுவிடலாமா? ‘யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டீ சாப்பிடுவோம்’ என்று கிளம்பிவிடலாமா?

முடியாது. அந்த ஆறுதலில் ஒரு ஓட்டை இருக்கிறது.

3

1980-களில் கனடாவில் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் தயாரிக்கப்பட்டது. புற்றுநோயாளிகளுக்கானது. இதற்கு முந்தைய மாடலில் அளவுக்கு மீறிக் கதிர் பாய்ந்துவிடாமல் தடுக்க மென்பொருளைச் சாராத வன்பொருள் பூட்டுகள் தனியாக இருந்தன. புது மாடலில் அந்த வேலையின் பெரும்பகுதியை மென்பொருளிடமே விட்டார்கள். பழைய மாடலுக்கான நிரலின் பகுதிகளைப் புதியதிலும் எடுத்தாண்டார்கள். அங்கே சரியாகத்தானே ஓடியது என்ற தைரியம். அங்கே நிரலில் பிழை இருந்தும் பூட்டுகள் காப்பாற்றிக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் மேல் பயங்கரமான அளவில் கதிர் பாய்ந்தது. சிலர் இறந்தார்கள்.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத பகுதி பிழை இல்லை. பிழை யார் கோடிலும் இருக்கும். இயந்திரம் திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று காட்டியது. அதற்கு என்ன பொருள் என்று இயக்குபவருக்கான கையேட்டில் உருப்படியான விளக்கம் கிடையாது. அந்த மாதிரி எச்சரிக்கைகள் அடிக்கடி வரும், ஒரு பொத்தானை அமுக்கினால் போய்விடும். புகார் வந்தபோது இந்த இயந்திரத்தால் கூடுதல் கதிர் பாய்ச்சவே முடியாது என்று தயாரித்த தரப்பு உறுதியாகச் சொன்னது.

கடைசியில் பிழையைப் பிடித்தது, 1986-இல், டெக்சாஸ் மாகாணத்தில் டைலர் என்ற ஊரின் மருத்துவமனையில் வேலை பார்த்த இயற்பியலாளரும் அந்த இயந்திரத்தை இயக்கிய பெண்ணும். அவருக்கு அன்று தான் எந்த வரிசையில் தட்டினோம் என்பது நினைவிருந்தது. ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டு, மேலே போய்த் திருத்தி, சடசடவென்று கீழே வந்திருந்தார். இருவரும் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். போதுமான வேகத்தில் தட்டும்போது அதே எச்சரிக்கை வந்தது. வேகமாகத் தட்டப் பழகிய கைகள் இல்லாமல் அந்தப் பிழை தலைகாட்டியே இருக்காது.

இதில் யாருக்கு அதிகம் தெரிந்திருந்தது? நிரல்மொழி, மின்சுற்று என்று பார்த்தால் தயாரித்தவர்களுக்கு. ஆனால் அவர்களிடம் இருந்தது ‘நடக்க வாய்ப்பே இல்லை’ என்ற நிச்சயம். மருத்துவமனையில் இருந்த இருவரிடம் இருந்தது ‘நடந்ததே, எப்படி?’ என்ற கேள்வி.

ஆக, ‘யாருக்கும் தெரியாது’ என்ற ஆறுதல் பாதி உண்மை. எல்லாம் தெரிய வாய்ப்பில்லைதான். ஆனால் சிலது தெரிந்தே ஆக வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அங்கே தெரியாமல் இருப்பது குற்றம். தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய குற்றம். கேள்வி இப்போது கொஞ்சம் கூர்மையாகிறது. என் சந்தேகம் எதன் மேல் விழுந்தால் அது நல்ல சந்தேகம்?

4

எங்கள் துறையில் எல்லோர் வாயிலும் புரள்கிற ஒரு சொல் ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’. தகுதியில்லாமல் உள்ளே வந்துவிட்டோம், என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது படிப்பிலும் தொழிலிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களை. அவர்கள் வைத்த பெயரில் சிண்ட்ரோம் என்ற சொல்லே கிடையாது. ‘ஃபினாமினன்’, அதாவது ஒரு நிகழ்வு என்றுதான் சொன்னார்கள். நோய்ப் பெயராக மாற்றியது பின்னால் வந்தவர்கள்.

அவர்கள் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: சான்றுகளால் இந்தப் பயம் குறைவதில்லை. பட்டம் வாங்கினால் ‘அதிர்ஷ்டம்’. பாராட்டு வந்தால் ‘அவங்களுக்கு விஷயம் தெரியல’. ஆக, இன்னும் நாலு விஷயம் கற்றுக்கொண்டால் சரியாகிவிடும் என்று நாம் நம்புகிறோமே, அது நடக்காது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ‘பிறகு படிக்க’ ஃபோல்டரை ஒரே நாளில் படித்து முடித்தாலும் கூச்சம் அப்படியே இருக்கும்.

ஆனால் இதை முழுக்க ஒருவன் மனசுக்குள் நடக்கிற கோளாறாகச் சுருக்குவதிலும் எனக்குச் சம்மதமில்லை. கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. அவன் வீட்டில் முதல் பட்டதாரி. கவுன்சலிங்கில் சீட் வாங்கி வந்து உட்கார்ந்த முதல் வாரமே பாடம் முழுக்க ஆங்கிலத்தில் தலைக்கு மேல் போனது. சமாளித்தான். வேலையும் வாங்கினான். மீட்டிங்கில் வாயைத் திறக்க மாட்டான். வெளியே வந்ததும் “எனக்கு ஒண்ணுமே தெரியலடா” என்பான். பிறகு ஓஎம்ஆர் ஓரத்து டீக்கடையில், வடை மடித்த தாளின் மேல் பேனாவால் கட்டம் கட்டமாகப் போட்டு, “இங்க பாரு, இவன் வச்சிருக்கிற லாக்குக்கு அவன் காத்துக்கிட்டு நிக்கிறான், அவன் வச்சிருக்கிற லாக்குக்கு இவன் காத்துக்கிட்டு நிக்கிறான், எவனும் விடமாட்டான், அதான் தொங்குது” என்று டெட்லாக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைப்பான். அறைக்குள் நாலு பேர் ஒரு மணி நேரம் பேசியும் நெருங்காத இடம்.

அவனுக்கு எது இல்லை? அறிவு இருந்தது. தனக்கு அறிவு இருக்கிறது என்பதை அந்த அறை ஒப்புக்கொள்கிற மொழியில் சொல்லும் பழக்கம் இல்லை. ‘தெரிந்தவன் மாதிரி இருப்பது’ என்பது தனி வித்தை. அதற்குச் சில வீடுகளில், சில பள்ளிகளில் சின்ன வயதிலிருந்தே பயிற்சி கிடைக்கிறது. மற்றவர்கள் இருபத்தொரு வயதில் வந்து தொடங்குகிறார்கள்.

இதோடு அப்ரைசல் முறையையும் சேர்த்துப் பாருங்கள். பல அலுவலகங்களில் மணி வடிவ வளைகோடு ஒன்று வைத்திருந்தார்கள், சில இடங்களில் இன்னும் இருக்கிறது. டீமில் எல்லோருமே நன்றாக வேலை செய்திருந்தாலும் சிலர் கீழே இருந்தே ஆக வேண்டும், வரைபடம் அப்படி. யாராவது ஒருவரைப் ‘போதாதவர்’ ஆக்கியே தீரும் ஏற்பாட்டுக்குள் ஆளை உட்காரவைத்துவிட்டு, அவருக்குப் போதாமை உணர்வு வந்தால் அதற்கு ஒரு நோய்ப் பெயர் வைத்து, தன்னம்பிக்கைப் பயிற்சிக்கு அனுப்புவது என்ன நியாயம்? நம் சுய சந்தேகத்தில் ஒரு பகுதி நமக்குச் சொந்தமானதே இல்லை. யாரோ நம் மேல் இறக்கிவைத்துவிட்டுப் போன சுமை.

5

சந்தேகத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது 2024 மார்ச் மாதச் சம்பவம் ஒன்றைப் படித்தபோது.

ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்குகிறவர்களில் ஒருவர். மைக்ரோசாஃப்டில் வேலை. ஒரு சோதனைக் கணினியில் அவர் எதையோ அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழக்கத்தைவிடத் தாமதித்தது. எவ்வளவு? ஏறக்குறைய அரை நொடி. 0.3 நொடியில் முடிய வேண்டியது 0.8 நொடி ஆனது. கண்சிமிட்டுகிற நேரம். நம்மில் பெரும்பாலோர் ‘நெட் ஸ்லோ’ என்று விட்டிருப்போம். அவருக்கு உறுத்தியது. சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் வந்த விநோதமான எச்சரிக்கையும் நினைவுக்கு வந்தது. நூலைப் பிடித்துக்கொண்டே போனார். தரவைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சிறு லைப்ரரிக்குள், யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவு வைத்திருப்பதைக் கண்டார். மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். இன்னும் சில மாதம் கழிந்திருந்தால் அது உலகத்தின் எண்ணற்ற சர்வர்களுக்குள் போயிருக்கும்.

அந்த அறிவிப்பில் அவர் தன்னைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: தான் பாதுகாப்பு ஆய்வாளர் இல்லை, இந்த வகைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் நிபுணரும் இல்லை என்று. நான் அந்த வரியில் ரொம்ப நேரம் நின்றேன். ‘இது என் துறை இல்லை, எனக்கு என்ன தெரியும்’ என்று அவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தன் அறிவின் எல்லையை ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த எல்லையைக் காரணம் காட்டித் தன் கண் பார்த்ததைத் தள்ளிவிடவில்லை.

இதே கதையின் இன்னொரு பக்கம் இருக்கிறது. எக்ஸ்இசட் லைப்ரரியைப் பல வருடமாகச் சம்பளமில்லாமல் பராமரித்தவர் ஒரே ஒருவர். மனநிலை சோர்ந்திருந்த காலம், அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2022-இல் சில பெயர்கள் முளைத்து, ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்கள் என்று அவரை நெருக்கின. அவை இட்டுக்கட்டிய பெயர்களாகவே இருக்க வேண்டும் என்று இப்போது கருதுகிறார்கள். அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாக உதவிக்கொண்டிருந்தார். பொறுப்பு மெல்ல மெல்ல அவர் கைக்குப் போனது. கள்ளக் கதவு வந்தது அந்தக் கையிலிருந்துதான்.

அந்தத் தாக்குதலின் முதல் கருவி நிரல் இல்லை. ‘நீ போதாதவன்’ என்ற ஒரு வாக்கியம். நல்ல மனிதர் ஒருவரின் தன்மேலான சந்தேகத்தையே கதவின் நாதாங்கியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவரைக் குறைசொல்ல யாருக்கும் தகுதி இல்லை. அவர் முதுகின் மேல் உட்கார்ந்து இலவசமாகச் சவாரி செய்த நம் எல்லோருக்கும் நிச்சயமாக இல்லை.

ஆக ஒரே கதைக்குள் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, ‘நான் போதுமானவனா?’ இன்னொன்று, ‘இது சரியாக இருக்கிறதா?’ பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது என்னைப் பற்றியது. அதற்கு முடிவே கிடையாது, எந்தச் சோதனையாலும் தீர்க்க முடியாது, யார் வேண்டுமானாலும் அதைப் பிடித்து நம்மை ஆட்டலாம். இரண்டாவது வேலையைப் பற்றியது. அதைச் சோதிக்கலாம், அளக்கலாம், ஒருநாள் பதில் கிடைக்கும். டைலர் நகரத்து இருவரிடம் இருந்தது இரண்டாவது. ஃப்ராய்ண்டிடம் இருந்ததும் அதுவே. இதில் எனக்குப் பயமான விஷயம், முதல் சந்தேகம் அதிகமாகும்போது இரண்டாவது செத்துவிடுகிறது என்பது. ‘எனக்குத்தான் புரியல போல’ என்று நினைக்கிறவன் கேள்வி கேட்க மாட்டான். ஒரு மீட்டிங்கில் எட்டு பேர் அப்படி நினைத்தால், ஒரு தப்பான டிசைன் எட்டு பேரின் மௌனத்தோடு புரொடக்‌ஷனுக்குப் போகும்.

6

சாக்ரடீஸின் விசாரணைக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். தன்னைவிட அறிவாளி யாருமில்லை என்ற தெய்வவாக்கைச் சோதிக்கக் கிளம்பி, அரசியல்வாதிகளிடம் போகிறார், கவிஞர்களிடம் போகிறார், கடைசியில் கைவினைஞர்களிடம் போகிறார். கைவினைஞர்களுக்கு உண்மையிலேயே விஷயம் தெரிந்திருந்தது என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் தன் தொழில் தெரிந்த திமிரில் மற்றதும் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். அதுதான் அவர்களிடம் அவர் கண்ட குறை.

இன்றைய கைவினைஞர்களாகிய எங்களிடம் அவர் வந்தால் தலைகீழான குறையைக் காண்பார் என்று தோன்றுகிறது. மற்றது தெரியவில்லை என்பதற்காக, தெரிந்த தொழிலையும் தெரியாது என்று நினைக்கிறோம். பத்து வருடம் டேட்டாபேஸோடு குடித்தனம் நடத்தியவர், நேற்று வந்த ஒரு கருவியின் பெயர் தெரியவில்லை என்றதும் கூசிக் குறுகுகிறார். திமிரும் கூச்சமும் எதிரெதிரானவை என்று நினைக்கிறோம். இரண்டுக்கும் அடியில் ஒரே கணக்குதான் ஓடுகிறது, அறிவு என்பது ஒரே குவியல், யாருடையது உயரம் என்று.

அந்தக் கணக்கை மறுத்தவர்கள் எங்கள் துறையிலேயே இருந்திருக்கிறார்கள். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1972-இல் டூரிங் விருது உரையை நிகழ்த்தியபோது, கெட்டிக்கார நிரலாளரைப் பற்றிப் பேசவில்லை. அடக்கமான நிரலாளரைப் பற்றிப் பேசினார். மனித மண்டை சின்னது, அதற்குள் அடங்குகிற அளவில்தான் நிரலை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். தலையைப் பெரிதாக்க முடியாது, பிரச்சினையை வேண்டுமானால் தலைக்குள் பிடிக்கிற துண்டுகளாக வெட்டலாம். அவர் அந்த அடக்கத்தைத் தொழில்நுட்பமாகவே சொன்னார். தாழ்வு மனப்பான்மைக்கு அதில் இடம் இல்லை.

டென்மார்க்கின் பீட்டர் நவுர் 1985-இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி போகிறது. நிரல் என்பது கோப்பில் இருக்கிற எழுத்து இல்லை. அதை உருவாக்கியவர்கள் மனதில் இருக்கிற புரிதல். இந்த இடத்தில் ஏன் இப்படி, வேறு மாதிரி செய்தால் என்ன உடையும், உலகத்தின் எந்தப் பகுதி இங்கே எந்த வரியாக ஆகியிருக்கிறது என்பது. அந்த மனிதர்கள் போய்விட்டால், கோடு முழுசாக இருந்தாலும் நிரல் செத்துவிடும் என்கிறார். முன்னோர் எழுதிய கோடைத் திறந்து பேய் முழி முழித்த யாருக்கும் இது புரியும். இந்த வகை அறிவை எந்த வீடியோ வகுப்பும் தராது. ஒரு பொருளோடு வாழ்ந்து வருவது அது. ஆகவே ஃபோல்டரில் பாக்கி இருப்பதை வைத்து அதை அளக்கவும் முடியாது.

டொனால்ட் கனூத் இதை வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்டார். சுமார் 15 வருடம் மின்னஞ்சல் பயன்படுத்திவிட்டு 1990 ஜனவரி 1 அன்று நிறுத்திவிட்டார். எல்லாவற்றின் மேலேயும் மிதக்க வேண்டியவர்களுக்கு மின்னஞ்சல் நல்ல சாதனம், என் வேலை அடியாழத்துக்குப் போவது என்பது அவர் தரப்பு. 1962-இல் தொடங்கிய புத்தகத் தொடரை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசு உண்டு. தன் புத்தகத்தில் தப்பு இருக்கும் என்று முன்கூட்டியே விலைவைத்துவிட்ட மனிதர். ‘இது சரியா’ என்ற சந்தேகம் இவ்வளவு, ‘நான் யார்’ என்ற பதற்றம் இவ்வளவுதான்.

கனூத் மாதிரி வாழ எல்லாராலும் முடியாது. அவருக்குப் பல்கலைக்கழகம் இருந்தது, நமக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனாலும் ஒரு அளவுகோல் கிடைக்கிறது. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சந்தையிடம் கேட்டால் ‘எல்லாம்’ என்று சொல்லும். அதைவிட நல்ல கேள்வி, என் கை பட்டதில் எது உடைந்தால் யாருக்கு வலிக்கும் என்பது. சம்பளப் பட்டுவாடா மென்பொருள் செய்கிறவனுக்குப் பைசா எப்படி முழுமையாக்கப்படுகிறது என்பது தெரிந்தே ஆக வேண்டும். மருத்துவக் கருவி செய்கிறவனுக்கு நர்ஸ் எவ்வளவு வேகமாகத் தட்டுவார் என்பது தெரிந்தே ஆக வேண்டும். போன மாதம் வெளியான ஃப்ரேம்வொர்க் இருவருக்குமே காத்திருக்கலாம். கடன்பட்டவன் கூச்சம் என்று சொன்னேன் அல்லவா, கடன் இருக்கத்தான் செய்கிறது. அதை யாருக்குப் பட்டிருக்கிறோம் என்பதில்தான் குழப்பம்.

7

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து இந்தக் குழப்பத்தை இன்னும் கலக்கிவிட்டது. ஒரு வகையில் தகவல் பெருக்கத்துக்கு அது முடிவுகட்டியது; எதைக் கேட்டாலும் சொல்கிறது. ஆனால் பதில் கையில் இருக்கிறது, அறிவு எங்கே இருக்கிறது என்ற புதுச் சந்தேகத்தைத் தந்திருக்கிறது.

எங்கள் டீமில் சேர்ந்து ஆறு மாதமான ஒரு பெண், ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் கேட்டார்.

“அண்ணா, நான் இந்த ஆறு மாசத்துல உண்மையாவே ஏதாவது கத்துக்கிட்டேனா?”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“டிக்கெட் எல்லாம் முடியுது. ரிவ்யூவும் பாஸாகுது. ஆனா கோடுல பாதிக்கு மேல ஏஐ எழுதுது. நான் நடுவுல உக்காந்து ஓகே ஓகேன்னு அமுக்குறேன். நாளைக்கு யாராவது உனக்கு என்ன தெரியும்னு கேட்டா என்னண்ணா சொல்றது?”

அவர் அப்போது செய்துகொண்டிருந்தது வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பும் பகுதி. “பணம் ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ போச்சுன்னா உனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

அரை மணி கழித்து என் மேசைக்கு வந்தார். “அண்ணா, பேங்க் பக்கம் பணம் போயிடுது, ஆனா பதில் வர லேட்டாகி டைம்அவுட் ஆச்சுன்னா, நம்ம கோடு திரும்ப அனுப்பும். ரெண்டு தடவ போகும். அதுக்கு டெஸ்டே இல்ல. ஏஐகிட்ட நான் அதைக் கேக்கவே இல்ல, அதுவும் சொல்லல.” முகத்தில் கொஞ்சம் பதற்றம், கூடவே ஒரு தெளிவு. காலையில் இருந்த சந்தேகம் அவர் மேல் இருந்தது. இப்போது அது சரியான இடத்துக்கு நகர்ந்திருந்தது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது பலமானதும்கூட. ‘இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்ரைசல்ல யார் இதை எண்ணுறாங்க? வேலை போனா அடுத்த இன்டர்வியூவுல குபர்னெட்டீஸ்தானே கேப்பான்?’ கேட்பான். ஆட்குறைப்புச் செய்தி வாரம் ஒன்று வரும் காலத்தில் இதை லேசாகத் தள்ள எனக்கு மனசு வராது. விளம்பரத்தில் உள்ளதையும் ஓரளவு படித்துத்தான் ஆக வேண்டும், நானும் படிக்கிறேன். சோற்றுக்காகப் படிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அது பிழைப்புக்கான ஏற்பாடு என்று தெரிந்து படிப்பதும், அதுதான் என் தகுதியின் அளவு என்று நம்பிப் படிப்பதும் வேறு வேறு. முதலாவதில் களைப்பு வரும், ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் போய்விடும். இரண்டாவதில் வருகிற களைப்புக்குத் தூக்கம் போதாது.

சமீபமாக எங்கள் டீமில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கோடுக்கு நடுவே விளக்கக் குறிப்பு எழுதுவோம் அல்லவா, அதில் தெரிந்ததை மட்டும் எழுதாமல் தெரியாததையும் எழுதுகிறோம். ‘இங்கே ஏன் 300 மில்லி செகண்ட் காத்திருக்கிறது என்று புரியவில்லை. எடுத்துப் பார்த்ததில் மூன்றாவது ஓட்டத்தில் பதிவு தவறியது. காரணம் தெரியும்வரை தொட வேண்டாம்.’ முதலில் சிலர் தயங்கினார்கள். நமக்குத் தெரியாது என்று நாமே எழுதிவைத்தால் எப்படி இருக்கும் என்று. இப்போது புதிதாக வருகிறவர்கள் முதலில் தேடிப் படிப்பதே அந்தக் குறிப்புகளைத்தான். போன வாரம் அந்தப் பெண் ஒரு குறிப்பின் அடியில் இன்னொரு வரி சேர்த்திருந்தார். ‘காரணத்தின் பாதி கிடைத்துவிட்டது, மீதி திங்கட்கிழமை பார்க்கிறேன்’ என்று.